சுங்கை சிப்புட் தோட்டப்புற நடை: ஆட்களைக் கூட்டிப்போகிறவருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் தோட்டத்துக்குள் ஆட்களைக் கூட்டிக்கொண்டு நடக்க நினைப்பவர் வரைபடத்துக்கு முன்னால் தோட்டத்தின் வேலை நேரத்தைப் பார்க்க வேண்டும். பால்மரக் காட்டில், அதாவது ரப்பர் மரங்கள் நிற்கும் பகுதியில், வேலை மும்முரமாக நடப்பது விடியலிலிருந்து ஏறக்குறைய ஒன்பது மணி வரைக்கும்தான். அதற்குப் பிறகு போனால் மரம் நிற்கும், பால் சொட்டும் கிண்ணமான மங்கு தொங்கும், பாலுக்காகப் பட்டையை வெட்டுகிற ஆள் இருக்கமாட்டார். கோலாலம்பூரிலிருந்து காலை ஆறு மணிக்குப் புறப்பட்டு, வழியில் பசியாறி, ஒன்பதரைக்கு வந்து இறங்கும் கூட்டத்துக்குக் கிடைப்பது வெயிலும் வெறும் செம்மண் சடக்கும் (பாதையும்) தான். இந்த நடையில் கோளாறாகிற காரியங்களில் பாதிக்கு மேல் தாமதத்தில்தான் தொடங்குகின்றன. தூரத்திலிருந்து வருகிறவர்களை முதல் நாள் இரவே ஈப்போவிலோ கோலகங்சாரிலோ சுங்கை சிப்புட்டிலோ தங்க வைத்துவிடுங்கள். இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

வருகிறவர்களில் பலர் தாத்தா, பாட்டி மரம் வெட்டிய குடும்பத்துப் பிள்ளைகள். கிள்ளானிலும் சா ஆலாமிலும் வளர்ந்தவர்கள்; தோட்டம் அவர்களுக்குக் கேட்ட கதை. மூச்சு வாங்க வைக்கும் மலையேற்றம் இவர்களுக்குத் தேவையில்லை. 8 கிலோமீட்டர் வட்டம், நான்கு மணி நேரத்துக்குள், 12 பேருக்கு மிகாத கூட்டம், முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர். கீழே உள்ள எல்லாம் இந்த அளவுக்குச் சொல்லப்பட்டவை. 20 பேர் வந்தால் இரண்டு கூட்டமாகப் பிரித்து வேறு வேறு நாளில் வையுங்கள். 20 பேர் ஒரு மரத்தைச் சுற்றி நின்றால் பின்வரிசைக்குத் தெரிவது முன்வரிசையின் முதுகுதான்.

வட்டத்தை அமைத்தல்

நல்ல வட்டத்தில் மூன்று துண்டு இருக்கும்: பால்மரக் காட்டில் இரண்டரை கிலோமீட்டர், லயமும் (தொழிலாளர் வரிசை வீடுகளும்) கோயிலும் பள்ளியும் உள்ள குடியிருப்பில் ஒன்றரை, செம்பனையில் (எண்ணெய்ப்பனையில்) நான்கு. வரிசையை மாற்றாதீர்கள். பால்வெட்டு முதலில், ஏனென்றால் அது காத்திருக்காது. குடியிருப்பு திறந்தவெளி, நிழல் குறைவு. அதை வெயில் ஏறுமுன் கடந்துவிட வேண்டும். முதிர்ந்த செம்பனையில் மட்டைகள் ஒன்றோடொன்று கவிந்து நிழல் தருவதால், பத்து மணிக்கு மேலான நடையை அங்கே வைப்பதுதான் சரி.

செம்பனையை நான்கு கிலோமீட்டருக்கு மேல் நீட்ட வேண்டாம். அரை மணி நேரம் அதில் நடந்தவர் மீதி அரை நாளையும் பார்த்தவர் மாதிரிதான்.

பெரிய தோட்டங்களில் பெரும்பாலும் செம்பனையே நிற்கிறது. வெட்டு நடக்கிற பால்மரத்துக்குப் பக்கத்துச் சிறுதோட்டக்காரர்களைத்தான் தேடிப் போக வேண்டும். அதாவது உங்களுக்கு இரண்டு அனுமதி தேவை. ஒன்று இன்னொன்றுக்குச் செல்லாது.

அனுமதி

தோட்டம் தனியார் நிலம். சடக்கு திறந்து கிடக்கிறது என்பதற்காக உள்ளே போனால் அது அத்துமீறல். மேனேஜருக்கு இரண்டு வாரம் முன்பே கடிதம் கொடுங்கள். நாள், நுழையும் நேரம், வெளியேறும் நேரம், பெயர்ப் பட்டியல், கார் எண்கள், பாதை குறித்த வரைபடம், விபத்துக் காப்புறுதி நகல், உங்கள் கைப்பேசி எண் எல்லாம் ஒரே கடிதத்தில் இருக்கட்டும். ஆபீசில் கிராணியிடம் (எழுத்தரிடம்) கொடுத்துவிட்டு வந்தால் போதாது. மூன்று நாள் கழித்துக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும்.

அப்படிக் கூப்பிடும்போது நான்கு கேள்விகள்: அன்று எந்தக் காட்டில் செம்பனைக் குலை வெட்டு? எங்கே மருந்தடிப்பு? லோரி எந்தச் சடக்கில் ஓடும்? மறுநடவுக்காக எங்காவது மண்வாரி இயந்திரம் நிற்கிறதா? பதிலைப் பொறுத்துப் பாதையை மாற்றுங்கள். மருந்தடித்த காட்டை அன்று முழுக்க விட்டுவிடுங்கள். பாராகுவாட் 2020 ஜனவரி முதல் தடை செய்யப்பட்டுவிட்டது என்பது உண்மைதான். மற்றக் களைக்கொல்லிகள் புழக்கத்தில்தான் இருக்கின்றன. சடக்கோரக் கீரையைப் பார்த்ததும் கை நீட்டுகிற பாட்டிமார் எல்லாக் கூட்டத்திலும் இருப்பார்கள். முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

சிறுதோட்டக்காரருக்குக் கடிதம் வேண்டாம். நேரில் போய், வெட்டு முடிந்து அவர் ஓய்வாக இருக்கும் மதியத்தில் பேசுங்கள். என்ன தருவீர்கள் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். கூட்டத்துக்கு மரம் வெட்டிக் காட்டுவது அவர் வேலையின் நேரத்தைத் தின்னும். அதற்குக் காசு கொடுப்பதுதான் முறை.

நீங்கள் கட்டணம் வாங்கி வழிகாட்டுவதாக இருந்தால் 1992ஆம் ஆண்டுச் சுற்றுலாத் தொழில் சட்டப்படி உரிமம் வேண்டும். இல்லாதவர் உரிமம் உள்ள வழிகாட்டி ஒருவரைக் கூடச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கேட்டில் இருக்கும் காவலாளியிடம் பதிவு புத்தகத்தில் எழுதுவதை அலட்சியமாக நினைக்காதீர்கள். குலைத் திருட்டு தோட்டங்களுக்குத் தீராத தலைவலி. கூட்டத்தில் ஒருவர் அழகாக இருக்கிறதே என்று நாலு உதிரிப் பழத்தைப் பையில் போட்டிருந்தாலும், வெளியே வரும்போது பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

முன்னோட்டம்

பாதையை இரண்டு முறை நடந்து பாருங்கள்: ஒரு வாரம் முன்பு, நடத்தப்போகிற அதே நேரத்தில் ஒரு முறை, நல்ல மழை பெய்த மறுநாள் ஒரு முறை. இரண்டாவதுதான் முக்கியம். காய்ந்த செம்மண்ணில் சிரித்துக்கொண்டே இறங்கிய சரிவு, நனைந்தால் சோப்புப் போட்ட மாதிரி வழுக்கும். பாரிட்டின் (வடிகால் வாய்க்காலின்) மேல் குறுக்கே போட்ட செம்பனைத் தண்டு வெளியே கெட்டியாகத் தெரியும், உள்ளே மக்கியிருக்கும். குச்சியால் குத்திப் பாருங்கள். குச்சி இறங்கினால் அந்தப் பாலம் உங்களுக்கில்லை.

ஒவ்வொரு முச்சந்தியிலும் என்ன அடையாளம் என்று எழுதுங்கள். செம்பனையில் வரிசைகள் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி ஓடுவதால் மரம் அடையாளமாகாது. காட்டு எண்ணும் நடவு ஆண்டும் எழுதிய பலகை, சிமெண்டு மதகு, ஆந்தைப் பெட்டி, மின்கம்பம் இவைதான் நம்பத்தக்கவை. பாதையைக் கைப்பேசியில் பதிந்து, வரைபடத்தை இணையம் இல்லாமலும் திறக்கும்படி இறக்கி வையுங்கள். நிறுத்துகிற ஒவ்வொரு இடத்திலும் ஒரு கால் செய்து பாருங்கள். எங்கே லைன் கிடைக்கவில்லையோ அங்கே அதிக நேரம் நிற்கும்படி திட்டம் போடாதீர்கள்.

ஆம்புலன்ஸ் அல்லது நான்கு சக்கர வண்டி வந்து நிற்கக்கூடிய மூன்று இடங்களையாவது குறித்துக்கொண்டு, அவற்றின் ஆயத்தொலைவைத் தாளிலும் எழுதுங்கள். ‘கோயிலுக்குப் பின்னால் இடது பக்கம்’ என்று 999இல் சொன்னால் யாருக்கும் புரியாது. சுங்கை சிப்புட்டில் அரசு மருத்துவமனை இருக்கிறது; பெரிய காரியமென்றால் ஈப்போவின் ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை. காரோடு ஒருவர் வெளியே தயாராக இருக்க வேண்டும். அவர் நடைக்கு வரக்கூடாது.

நாளும் பொழுதும்

சனிக்கிழமை நல்லது. ஞாயிறு பல இடங்களில் வேலை இல்லை. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை பால்மரம் இலை உதிர்த்துத் துளிர்க்கும் காலம். பால் குறையும், பலர் வெட்டையே நிறுத்திவிடுவார்கள். பழுத்த இலையின் நிறத்துக்காக வருகிறவருக்கு அது அருமையான காலம், வெட்டைப் பார்க்க வருகிறவருக்கு வீண். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை அதிகம். ஜூன், ஜூலை பொதுவாகத் தோதானவை. ஆகஸ்டு முதல் புகைமூட்டம் வரக்கூடும். காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் ஒத்திவையுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. இரவில் மழை பெய்து மரத்தின் பட்டை நனைந்திருந்தால் அன்று காலை வெட்டு நடக்காது. நனைந்த பட்டையில் பால் கோட்டில் நிற்காமல் வழிந்து பரவி மங்குக்கு வராது. ஆகவே முதல் நாளே ‘மழை பெய்தால் வெட்டு இருக்காது, நடை இருக்கும்’ என்று எழுத்தில் தெரிவித்துவிட்டால் மறுநாள் முகம் சுளிப்பு மிச்சம்.

அன்றைய கணக்கு: 6.15க்குப் பட்டணத்தில் கூடிப் பசியாறல். 7.00க்குக் கேட். 7.15க்கு, வெளுத்ததும் வெளுக்காததுமாக, பால்மரக் காட்டில். 8.45க்குக் குடியிருப்பு. 9.30க்குச் செம்பனை. 11.00க்குள் கார் நிற்கும் இடம். பசியாறாமல் யாரையும் நடக்க விடாதீர்கள், நீரிழிவுக்காரரைக் கண்டிப்பாக. ரொட்டி சானாய் ஒன்றும் தே தாரிக் ஒன்றும் நடக்கப் போதும். சம்பல் தூக்கலாக நாசி லெமாக்கைக் கட்டி அடிப்பவருக்கு ஒன்பது மணிக்கு வயிறு கூப்பிடும், காட்டில் கழிப்பறை கிடையாது.

உடை, காலணி, தண்ணீர்

காலணிக்கு ‘கம்போங் அடிடாஸ்’ என்று இங்கே எல்லாரும் சொல்லும் கறுப்பு ரப்பர் சப்பாத்தைவிடத் தோதானது இல்லை. விலை மலிவு, அடியில் முள்முள்ளாகப் பிடிமானம், சேறு ஒட்டினால் தண்ணீரில் அலம்பிவிடலாம். உள்ளே மெத்தை இல்லை என்பது ஒன்றுதான் குறை. தடித்த காலுறை போட்டு, பட்டணத்தில் ஒரு கிலோமீட்டராவது நடந்து பழகச் சொல்லுங்கள். விலையுயர்ந்த ஓட்டச் சப்பாத்தோடு வருகிறவர் முதல் சரிவிலேயே உட்கார்ந்து எழுந்திருப்பார்.

முழுக்கால் சட்டை, முழுக்கை, தொப்பி. சட்டை பழையதாக இருக்கட்டும். பால் பட்டுக் காய்ந்த துணி அவ்வளவுதான், துவைத்தாலும் போகாது. பால்மரக் காடு ஈரமும் நிழலுமாக இருப்பதால் ஏடிஸ் கொசு பகலிலேயே கடிக்கும். வெட்டாமல் விட்ட மரங்களின் மங்கு நிமிர்ந்தே கிடந்தால் அதில் மழைநீர் தேங்கிப் புழு நெளியும். அதைக் கவிழ்த்து வைக்கலாமா என்று தோட்டக்காரரிடம் கேட்டுவிட்டுச் செய்யலாம். கொசு மருந்தைக் கேட்டிலேயே பூசிக்கொள்ள வேண்டும், கடித்த பிறகல்ல. அட்டைக்கு நீளக் காலுறையில் சட்டைக் காலைச் செருகினால் போதும். ஒட்டிக்கொண்டால் நகத்தால் வாய்ப்பக்கம் தள்ளிப் பிரியுங்கள். தீக்குச்சியால் சுடுவதும் உப்பைக் கொட்டுவதும் வேண்டாம், அட்டை கக்கிவிட்டு விழும், காயம் சீழ் பிடிக்கும்.

தண்ணீர் மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல். ஆளுக்கு இரண்டு லிட்டர் என்று வையுங்கள். வழிகாட்டி இன்னும் மூன்று லிட்டர் தூக்க வேண்டும், குடிப்பதற்கு மட்டுமல்ல, கண்ணைக் கழுவவும். ஏனென்று கீழே வரும். பையில் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், அகலமான சுற்றுத்துணி, கத்தரி, விசில் இரண்டு, கையுறை, குப்பைப் பை.

முந்தின நாளே ஒரு தாளில் நோய், மருந்து, ஒவ்வாமை, அவசரத் தொடர்பு எண் வாங்குங்கள். ரப்பர் கையுறை போட்டாலே அரிக்கிறது என்று யாராவது எழுதியிருந்தால் அவர் பாலைத் தொடக்கூடாது. மங்குப் பக்கம் அவரை நிறுத்தவும் வேண்டாம்.

பால்மரக் காட்டில்

இங்கேதான் நேரத்தைச் செலவிட வேண்டும். முதலில் கூட்டத்தை நிரைக்கு வெளியே, சடக்கில் நிறுத்தி, பேசாமல் ஐந்து நிமிடம் பார்க்க விடுங்கள். ஒரு பால்வெட்டுக்காரர் ஒரு நாளில் 500, 600 மரம் பார்க்கிறார். நான்கு மணி நேரத்தில் 500 மரமென்றால் ஒரு மரத்துக்கு அரை நிமிடம்கூட இல்லை, அதில் அடுத்த மரத்துக்கு நடப்பதும் சேர்த்தி. இந்தக் கணக்கைச் சொல்லிவிட்டால், அவரை நிறுத்திப் படமெடுக்க யாரும் கேட்கமாட்டார்கள்.

பிறகு, ஏற்கெனவே பேசி வைத்த தோட்டக்காரரிடம் ஒரு மரத்தை மெதுவாக வெட்டிக் காட்டச் சொல்லுங்கள். அரைவட்டமாக நிற்க வைத்து, பார்க்க வேண்டியதை இந்த வரிசையில் காட்டுங்கள்.

முந்தின வெட்டில் கோட்டோடு காய்ந்து ஒட்டிய பாலை அவர் முதலில் நாடாவாக இழுத்து உரிப்பார். அது ஒட்டுப்பால், குப்பையில்லை, கூடைக்குப் போகும், காசாகும். அடுத்தது கத்தி. கோடு இடப்பக்கம் உயரத்தில் தொடங்கி வலப்பக்கம் கீழே இறங்குகிறது, ஏறத்தாழ 30 பாகைச் சரிவு, மரத்தின் பாதிச் சுற்றளவு. இடப்பக்கம் ஏன் உயரம் என்று ஒருவராவது கேட்பார். பட்டைக்குள் பால் ஓடும் குழாய்கள் நேராக மேலே போவதில்லை, சற்று வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன. இந்தப் பக்கச் சரிவில் வெட்டினால் அதிகக் குழாய்கள் அறுபடும்.

சீவி விழும் பட்டையை ஒருவர் கையில் வாங்கிப் பார்க்கட்டும். கனம் ஒன்றரை மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். ஆழத்திலும் அதே கவனம்: பட்டைக்கு அடியில் உள்ள வளர்திசுவுக்கு ஒரு மில்லிமீட்டர் சொச்சம் விட்டு நிற்க வேண்டும். குறைத்து வெட்டினால் பால் குறைவு. ஆழமாகப் போனால் மரம் காயம்பட்டு, புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். சில ஆண்டு கழித்து அதே இடத்துக்குக் கத்தி திரும்பி வரும்போது முண்டில் கோடு ஓடாது. பக்கத்தில் அப்படி ஒரு பழைய மரம் இருந்தால் கையால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். எவ்வளவு விளக்கினாலும் புரியாத நுணுக்கம் விரலுக்குப் புரிந்துவிடும்.

பிறகு பால். முதலில் கோட்டில் வெள்ளைப் புள்ளிகளாக அரும்பி, ஒன்றோடொன்று சேர்ந்து, கோட்டோடு இறங்கி, தகரத்துண்டைத் தொட்டு மங்கில் சொட்டும். விடியலில் வெட்டுவதற்குக் காரணமும் இதில்தான் இருக்கிறது: வெயில் ஏறுமுன் மரத்துக்குள் நீரழுத்தம் அதிகம், பால் வேகமாக வரும். இலை ஆவியாக்கத் தொடங்கியதும் அழுத்தம் இறங்கிவிடும். பாலில் ரப்பர் மூன்றில் ஒரு பங்கு அளவுதான், மிச்சம் பெரும்பாலும் நீர். இப்போது பல சிறுதோட்டங்களில் பாலாகச் சேகரிப்பதில்லை. மங்கிலேயே உறைய விட்டு, சில நாளைக்கொரு முறை கட்டியாக எடுக்கிறார்கள். அந்தக் கட்டியின் நாற்றம் கூட்டத்தில் சிலருக்குக் குமட்டும். கட்டி குவித்த கொட்டகைக்கு மேல்காற்றுப் பக்கம் நின்று பேசுங்கள்.

காண்டாக் கட்டையில் (தோளில் வைத்துச் சுமக்கும் தடியில்) இரண்டு வாளி தொங்கவிட்டுத் தண்ணீரோடு பத்தடி நடக்கச் சொல்வது இளைஞர்களுக்குப் பிடிக்கும். வாளிக்குப் பத்து லிட்டர் போதும். முதுகு வலிக்காரருக்குக் கொடுக்காதீர்கள்.

பால்மரக் கொட்டை கீழே கிடந்தால் பிள்ளைகள் பொறுக்குவார்கள், பொறுக்கட்டும். வாயில் வைக்க விடாதீர்கள். பச்சைக் கொட்டையில் சயனைடை வெளியிடும் நச்சு உண்டு.

இங்கே சொல்ல வேண்டிய வரலாறு கொஞ்சம்தான், ஆனால் ஊருக்குப் பக்கத்திலேயே நடந்தது. 1877இல் சிங்கப்பூருக்கு வந்த ரப்பர்க் கன்றுகளில் ஒன்பது கோலகங்சாருக்கு அனுப்பப்பட்டு, பேராக்கின் பிரிட்டிஷ் ஆட்சிப் பிரதிநிதியாக (ரெசிடெண்டு) இருந்த ஹியூ லோவின் வளாகத்தில் நடப்பட்டன. அவற்றில் எஞ்சிய ஒரு மரம் இன்றும் அங்கே மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. மரத்தைச் சாகடிக்காமல் திரும்பத் திரும்ப வெட்டும் முறையைச் சிங்கப்பூரில் வகுத்தவர் அங்குள்ள தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்த ஹென்றி ரிட்லி. நடை முடிந்த பிறகு மதியம் அந்த மரத்தைப் பார்க்கப் போகலாம், காரில் அரை மணி நேரம்.

லயத்துப் பக்கம்

பேசுவதற்கு நிறைய உள்ள இடம் இதுதான், வாய் தவறுவதற்கும். லயத்தில் இன்னும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். பலர் வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தவர்கள். ‘செலாமாட் பாகி, பாங்’ என்று மலாயில் காலை வணக்கம் சொல்லிவிட்டு நகருங்கள். தமிழ்ப் பெரியவர் வாசலில் உட்கார்ந்திருந்தால், ‘வணக்கம்மா, பசியாறிட்டீங்களா?’ என்பதில் தொடங்குங்கள். கொடியில் காயும் துணியையும் சமையல்கட்டையும் படம் எடுப்பவரை உடனே நிறுத்துங்கள், பிறகு தனியாகச் சொல்லலாம் என்று விடாதீர்கள்.

பெரட்டு (காலையில் ஆள் கணக்கெடுப்பு) நின்ற களம், பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக் கொட்டகை, பழைய கள்ளுக்கடை இருந்த இடம் இவற்றையெல்லாம் அங்கேயே பிறந்து வளர்ந்த ஒருவர் சொன்னால்தான் எடுபடும். அப்படி ஒரு பாட்டியையோ தாத்தாவையோ முன்பே பேசி வையுங்கள், பேசுவதற்கு ஒரு தொகையும் கொடுங்கள். 20 நிமிடம், நிழலில், நாற்காலி போட்டு. வழிகாட்டி இடையில் புகுந்து திருத்தக் கூடாது. தேதி ஏதாவது மாறிப்போயிருந்தால் அடுத்த நிறுத்தத்தில் சொல்லிக்கொள்ளலாம்.

நீங்கள் சொல்வதற்கு இரண்டு விஷயம் போதும். 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார் கம்யூனிஸ்டுக் கெரில்லாக்களால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டு நாளில் மலாயா முழுக்க அவசரகாலம் வந்தது. 1960 வரை நீடித்தது. வேலிக்குள் அடைபட்ட வாழ்க்கையைப் பற்றிப் பாட்டி சொல்வாரானால் அதற்கு இதுதான் பின்னணி. இரண்டாவது, இதே ஊரில் 1919இல் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன். தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது, தொழிலாளர்களே பங்கு போட்டுத் தோட்டம் வாங்கட்டும் என்று 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர். உங்கள் கூட்டத்தில் யாருடைய வீட்டிலாவது அந்தப் பங்குப் புத்தகம் இருக்கும். கேட்டுப் பாருங்கள், அதற்குப் பிறகு நீங்கள் பேச வேண்டிய தேவையே இருக்காது.

கோயிலில் சப்பாத்தைக் கழற்றி, கால் கழுவி உள்ளே போக வேண்டும். சேறான சப்பாத்தை மண்டப ஓரத்தில் விடாமல் படிக்குக் கீழே. முனீஸ்வரர் மரத்தடியானாலும் அதே மரியாதைதான். கழிப்பறைக்குக் கோயில் மண்டபத்தை முன்பே கேட்டு வைத்து உண்டியலில் போடுங்கள். பள்ளி நாளானால் தலைமையாசிரியர் அனுமதி இல்லாமல் வேலிக்குள் போகவோ பிள்ளைகளைப் படமெடுக்கவோ கூடாது.

செம்பனையில்

முதல் எச்சரிக்கை: குலை வெட்டுகிற இடத்தின் பக்கம் போகாதீர்கள். நீண்ட அலுமினியக் குழாயின் நுனியில் அரிவாள் கட்டி அறுக்கிறார்கள். விழும் குலை 15 முதல் 25 கிலோ, கூடவே முள் நிறைந்த மட்டை. வெட்டுபவர் மேலே பார்க்கிறார், உங்களை அல்ல. மரத்தின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தூரம் தள்ளி நின்று பாருங்கள்.

இரண்டு வரிசைக்கு நடுவே ஒன்றுவிட்டு ஒன்றில் மட்டையை அடுக்கியிருப்பார்கள். மற்றது நடக்கிற பாதை. மட்டை அடுக்கில் ஏறுவது, உட்கார்வது, காலால் தள்ளுவது எல்லாம் கூடாது. எலி அங்கேதான் இருக்கும், எலிக்காகப் பாம்பும். இளைப்பாற சடக்கோரம் போதும்.

பார்ப்பதற்கு இங்கே மூன்று. ஒன்று, உதிரிப் பழம்: குலை பழுத்ததற்கு அடையாளமே தரையில் கிடக்கும் பழம்தான். ஒன்றை நகத்தால் கீறிப் பார்க்கலாம், செம்மஞ்சள் எண்ணெய் விரலில் ஒட்டும். அறுத்த குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போக வேண்டும். தாமதித்தால் எண்ணெயில் அமிலம் ஏறித் தரம் இறங்கும். லோரி ஏன் சடக்கில் அப்படிப் பறக்கிறது என்பதற்கு விடையும் இதுதான். லோரிச் சத்தம் கேட்டதும் எல்லாரும் ஒரே பக்கமாக, வளைவின் வெளிப்புறத்தில் ஒதுங்குங்கள். இரண்டு பக்கமும் பிரிந்து நிற்பதுதான் ஆபத்து. இரண்டு, ஆண் பூ: உற்றுப் பார்த்தால் சின்னஞ்சிறு வண்டுகள் மொய்க்கும். ஆப்பிரிக்காவிலிருந்து 1981இல் கொண்டுவந்து விட்டவை. அதற்கு முன் கையால் மகரந்தம் தூவினார்கள். மூன்று, கம்பத்தில் நிற்கும் மரப்பெட்டி. அது எலியைத் தின்னும் கூகை ஆந்தைக்கு. பெட்டியைத் தட்டி எழுப்பிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள்.

கெட்டுப்போனால்

ஆள் தவறுவது செம்பனையில்தான் நடக்கும், பெரும்பாலும் சிறுநீர் கழிக்கப் போகிறவர். விசிலைக் கடைசியில் வருகிறவரிடம் கொடுத்துவிட்டு, ‘வழி தெரியவில்லை என்றால் நடக்காதீர்கள், நின்ற இடத்திலேயே கூப்பிடுங்கள்’ என்று கேட்டிலேயே சொல்லுங்கள். தேடி அலைகிறவர் வரிசை மாறி மாறி இன்னும் தூரம் போய்விடுவார். ஒவ்வொரு முச்சந்தியிலும் தலை எண்ணுங்கள்.

நாகம் படமெடுத்தால் பின்வாங்குங்கள். இங்கே விஷத்தைத் துப்பும் நாகம் உண்டு. கண்ணில் பட்டால் தேய்க்காமல், இமையைத் திறந்து பிடித்து, 15 நிமிடமாவது தொடர்ந்து தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். அந்த மூன்று லிட்டர் இதற்குத்தான். கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, கயிறால் இறுக்குவது எதுவும் வேண்டாம். மோதிரம், வளையலைக் கழற்றி, கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, நடக்க விடாமல் தூக்கிச் சென்று வண்டியில் ஏற்றுங்கள். பாம்பைப் பிடிக்கவோ அடிக்கவோ நேரம் செலவழிக்காதீர்கள். எட்ட நின்று ஒரு படம் எடுக்க முடிந்தால் எடுத்துக்கொள்ளலாம்.

குளவிக்கூடு செம்பனைத் தண்டிலும் மட்டையிலும் இருக்கும். முன்னால் போகிறவர் கண் மேலும் கீழும் ஓட வேண்டும். ஒன்றிரண்டு வட்டமிட்டால் கையை வீசாமல் வந்த வழியே திரும்புங்கள். கூட்டமாக வந்தால் முகத்தை மூடிக்கொண்டு ஓடிவிட வேண்டும்.

வெயில் சோர்வு பேச்சு குறைவதில் தெரியும். கலகலவென்று வந்தவர் திடீரென்று மௌனமாகிப் பின்தங்கினால் நிழலில் உட்கார வைத்து, சட்டைப் பொத்தானைத் தளர்த்தி, கழுத்திலும் அக்குளிலும் நனைத்த துணி வைத்து, கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுங்கள். வியர்வை நின்று பேச்சுக் குழறினாலோ, சூடான உடம்போடு நினைவு தடுமாறினாலோ வாய்வழியாக ஒன்றும் கொடுக்காதீர்கள். உடம்பைத் தண்ணீரால் நனைத்தபடி 999.

இடி: மின்னலுக்கும் சத்தத்துக்கும் இடையே 30 வினாடிக்குக் குறைந்தால் நடையை நிறுத்தி வண்டிக்கோ கட்டடத்துக்கோ போய்விட வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் வெளியே வரக்கூடாது. தகரக் கொட்டகையில் நான்கு பக்கமும் திறந்திருந்தால் அது மழைக்குத்தான் ஒதுக்கிடம், மின்னலுக்கில்லை. 11 மணிக்குள் முடிக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

முடிந்த பிறகு

காரில் ஏறுமுன் காலுறையைக் கழற்றி அட்டை பாருங்கள், இடுப்பு மடிப்பிலும். சேற்றுச் சப்பாத்துக்கு ஆளுக்கொரு நெகிழிப் பை. கேட்டில் தலை எண்ணிக் கையெழுத்து. மேனேஜருக்கு அன்றே ஒரு செய்தி: எல்லாரும் வெளியேறினோம், இன்ன பாலம் மக்கியிருக்கிறது, இன்ன இடத்தில் குளவிக்கூடு. அடுத்த முறை அனுமதி சுலபமாகக் கிடைக்க இதைவிட வேறு வழியில்லை. பேசிய பாட்டிக்கும் வெட்டிக் காட்டியவருக்கும் பணத்தை அங்கேயே, கையில் கொடுத்துவிடுங்கள்.

எலிச் சிறுநீர் கலந்த தேங்குநீரில் கால் வைத்தவருக்கு எலிக்காய்ச்சல் வரலாம்; பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தெரியும், ஒரு மாதம் வரைக்கும் ஆகலாம். டெங்கி அதற்கு முன்பே வரக்கூடும். காய்ச்சல், உடம்பு வலி, கண் சிவப்பு என்று போனால், ‘இந்தத் தேதியில் தோட்டத்தில் நடந்தேன், பாரிட்டில் கால் வைத்தேன்’ என்று மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சாதாரணக் காய்ச்சல் மாத்திரையோடு திருப்பி அனுப்பிவிடக்கூடும். இந்த ஒரு வரியை, தேதியோடு, எல்லாருடைய கைப்பேசிக்கும் அன்று மாலையே அனுப்பிவிடுங்கள்.